ரிப்பன் கட்டிய தொலைகாட்டி

நான் காணாத சந்திரனைக் கண்டதாக ஒலிவாங்கியில் அறிவித்தவன். சும்மா "கண்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கியிருந்தாலாவது தப்பியிருப்பேன். அதன் பள்ளங்களை வருணித்தேன். மலைகளின் நிழல் சாய்ந்து விழுந்திருந்த அழகை எடுத்துச் சொன்னேன். "நம்முடைய பாடப்புத்தகத்தில் இருப்பதைப் போலவே அரிவாளாக நிமிர்ந்து நின்றது" என்று முடித்தேன். கை தட்டினார்கள். நான் கொஞ்சம் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

அந்த நேரத்தில் சந்திரன் ஹந்தானை மலைக்குப் பின்னால் இறங்கிப் போய்விட்டிருந்தது. தொலைகாட்டிக்குள் நான் கண்டது இருட்டு. நல்ல, சுத்தமான, அரசாங்க இருட்டு.

போன வாரம் நான் மோட்டார் சைக்கிள் பழகிய கதையை வாசித்த நண்பர் ஒருவர், "உங்களப் பத்தி நீங்களே இப்படி எழுதிட்டா நாங்க என்னத்தப் பேசுறது?" என்று குறைப்பட்டார். இந்த வாரம் அவருக்கும் வேலை இருக்கிறது. இது கோபத்தோடு எழுதுகிற அத்தியாயம். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் சேரவேண்டியது என்பதால் முதலிலேயே அதை எடுத்து வைத்துவிட்டேன்.

குன்றின் மேல் ஒரு கோப்பை

பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலம் முடிந்து, வரிசையில்லாமல் ஒரு சாமானை வாங்கினால் ஏதோ தப்புச் செய்த மாதிரி இருந்த காலம். நான் கண்டி நகரத்தில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதைத்தான் செய்கிறேன். பிள்ளைகள் மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

குண்டசாலைக்கு மேலே, பஸ் போகாத ஒரு குன்றில் சின்னதாக ஒரு வான் அவதான நிலையம் இருக்கிறது. வெள்ளைக் குவிமாடம். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்த கோப்பை போலிருக்கும். அங்கே விஞ்ஞான ஆசிரியர்களுக்கு மூன்று நாள் செயலமர்வு என்று கல்விப் பணிமனையிலிருந்து அறிவித்தல் வந்தது. "செயல்முறை வானியல் பயிற்சி." செயல்முறை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருட ஆசிரியத் தொழிலில் நான் வியாழனைச் சுண்ணக்கட்டியால் மட்டும்தான் தொட்டிருக்கிறேன்.

குண்டசாலைச் சந்தியிலிருந்து மேலே போக ஆட்டோ பிடிக்க வேண்டும். அங்கேதான் பரீனா டீச்சரைச் சந்தித்தேன். கெலிஓயாப் பக்கத்தில் ஒரு சிறிய முஸ்லிம் பாடசாலையில் படிப்பிக்கிறவர். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பார். விடிவதற்கு முன்னே கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். இருவரும் ஓர் ஆட்டோவில் ஏறினோம். ஏற்றத்தில் அது முனகிக்கொண்டு போனபோது அவர் தன் கதையைச் சொன்னார்.

"எங்கட ஸ்கூலுக்கு ஒரு தொலைகாட்டி வந்தீக்கி சேர். பழைய மாணவர் ஒத்தர் கட்டார்ல ஈந்து அனுப்பின. பொட்டியோட அதிபர்ட அலுமாரில ஈக்கி."

"இன்னும் தொறக்கலையா?"

"தொறக்க உட மாட்டாங்க. பயிற்சி எடுத்த ஆள் இல்லாமத் தொடப்படாதாம். இதுல நான் தேறாட்டி டவுன்ல ஈக்கிற பெரிய ஸ்கூலுக்குக் குடுத்துருவாங்களாம். புள்ளையள் வந்து வந்து அலுமாரியப் பாத்துட்டுப் போறாங்க."

"பெரிய ஸ்கூல்ல ஒண்ணு இருக்குமே?"

"ரெண்டு ஈக்காம்."

"அதுல யாராவது பாக்குறாங்களா?"

"அதும் அலுமாரிலதான் சேர்."

தேறுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்றால், கடைசி நாள் மாலையில் ஒவ்வொருவரும் தொலைகாட்டியைத் தாமே திருப்பி, சந்திரனைக் கண்டுபிடித்து, பயிற்சி தருகிற வளவாளருக்குக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

எங்கள் கைகள் செய்த வேலை

வளவாளர் நவம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து கல்யாணம் முடித்து, பிள்ளைகள் சிங்களமும் மலைநாட்டுத் தமிழும் கலந்து பேசுகிற வீட்டில் இருந்துகொண்டு தன் பேச்சை ஓர் எழுத்துக்கூட மாற்றாதவர். நல்ல மனிதர். தேநீரோடு எங்களுக்கு மாலு பணிஸ், அந்த மீன் வைத்த பணிஸ், குறைந்துவிடக் கூடாது என்று தன்னுடையதைக் கொடுக்கிறவர். மேலதிகாரி என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் முதுகு தானாக வளையும்.

செயல்முறைப் பயிற்சியில் எங்கள் கைகள் என்ன செய்தன என்று சொல்கிறேன். முதல் நாள் கதிரை தூக்கின. குத்துவிளக்கு ஏற்றியபோது கும்பிட்டன, கட்டின, சும்மா தொங்கின, அவரவர் சமய வழக்கப்படி. பேசியவர்களுக்கெல்லாம் தட்டின. பிறகு எங்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கோளின் பெயர் வைத்து, அந்தக் கோளாக நடித்துக் காட்டச் சொன்னார்கள். நான் சனி. என் மனைவி சாந்தி இதைக் கேட்டுவிட்டு, "அதுக்குப் பயிற்சி வேறயா?" என்றாள்.

இரண்டாம் நாள் யன்னல் சீலைகளை இழுத்து மூடிவிட்டு, வெளியே அருமையான வெயில் எரிந்துகொண்டிருக்க, திரையில் சூரியனைக் காட்டினார்கள். சூரியனுக்குக் கரும்புள்ளிகள் உண்டு என்பதைச் சுவரில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அட்டைக் குழாயில் தொலைகாட்டி செய்வதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. கண்ணாடி வில்லைகள் வந்து சேரவில்லை. ஆகவே குழாயை மட்டும் செய்தோம். அதன் வழியாக ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

குவிமாடத்துக்குள் தொலைகாட்டி இருந்தது. நீல நிறத்தில், ஆளுயரத்தில், திடமான காலில். நாங்கள் அதைச் சுற்றி வரிசையாக நடந்து பார்த்தோம். கயிறு கட்டியிருந்தது.

"கை வைக்காதேங்கோ," என்றார் நவம் சேர். "பணிப்பாளர் வந்து திறந்து வைக்கேல்லை இன்னும்."

"இது போன வருஷமே வந்ததுதானே சேர்?" என்று ஒருவர் கேட்டார்.

"வந்தது. திறக்கேல்லை."

இங்கே என் பங்கு வருகிறது. மூன்றாம் நாள் மத்தியானம், திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்ட வேண்டும் என்றார்கள். யாருக்கு அழகாக முடிச்சுப் போடத் தெரியும் என்று கேட்டபோது என் கை தானாக உயர்ந்தது. எங்கள் அப்பா கண்டியில் துணிக்கடையில் வேலை செய்தவர். பார்சல் கட்டும் முடிச்சுகள் என் இரத்தத்தில் உண்டு. சிவப்பு ரிப்பனைத் தொலைகாட்டியின் கழுத்தில் சுற்றி, கண் வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டுக்குக் குறுக்கே கொண்டுவந்து, வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு முடிச்சுப் போட்டேன். மூன்று நாட்களில் அந்தத் தொலைகாட்டியைத் தொட்ட ஒரே ஆசிரியன் நான். அதை யாரும் பார்க்க முடியாதபடி கட்டி வைப்பதற்காக.

குங்குமம் வைத்த நுணுக்குக்காட்டி

இது எங்களுக்குப் புதிதில்லை. நான் படித்த பாடசாலையில் ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. பித்தளை. வருடம் முழுவதும் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும். சாவி ஒரு ஆசிரியரிடம், அந்த ஆசிரியர் எப்போதும் லீவில்.

சரஸ்வதி பூசைக்கு மட்டும் அது வெளியே வரும். துடைத்து, சந்தனம் குழைத்து மூன்று கோடு இழுத்து, நடுவில் குங்குமப் பொட்டு வைத்து, வீணைப் படத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். கடலையும் அவலும் தின்றுகொண்டு அதைப் பயபக்தியோடு பார்ப்போம். பூசை முடிந்ததும் பொட்டோடு உள்ளே போய்விடும்.

உயர்தர வகுப்பில் ஒரே ஒரு நாள் அதைப் பார்க்கக் கிடைத்தது. வெங்காயத் தோல். குனிந்து பார்த்தேன். ஒரே சிவப்பு. எந்தப் புத்தகத்திலும் வெங்காயக் கலம் சிவப்பென்று இல்லை. இருந்தாலும் சிவப்பாக வரைந்தேன். "நன்று" என்று ஆசிரியர் எழுதினார். பல வருடங்களுக்குப் பிறகு, குளித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது வில்லையில் ஒட்டியிருந்த பழைய குங்குமம் என்று உறைத்தது.

நாங்கள் கருவிகளை மதிக்கிற சாதி. மதிப்பு கூடக்கூடப் பூட்டும் பெரிதாகும். ஒரு கருவி எங்களிடம் வந்து கீறல் விழாமல், தேயாமல், ஒரு பிள்ளைக்குக்கூட உபயோகப்படாமல் காலாவதியானால் "எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்" என்று அந்த அதிபரைப் பிரியாவிடையில் புகழ்வோம். அப்படிப் புகழ்ந்து நானே இரண்டு தடவை பேசியிருக்கிறேன்.

சந்திரனுக்கு அறிவித்தல் போகவில்லை

மூன்றாம் நாள் மாலைக்கு வருவோம். நிகழ்ச்சி நிரலில் "ஏழரை மணி: பிரதம அதிதி தொலைகாட்டியைத் திறந்து வைத்து, சந்திரனை அவதானித்தல்" என்று இருந்தது. பிரதம அதிதி என்றால் எங்கள் தமிழ்ப் பிரிவுக்குப் பொறுப்பான பணிப்பாளர்.

முதல் நாளே பரீனா டீச்சர் எழுந்து சொல்லியிருந்தார்.

"சேர், கடைசி நாள் மூணாம் பிறை. மஹ்ரிபு தொழுகைக்குப் பொறகு கொஞ்ச நேரந்தான் ஈக்கும். ஏழரைக்கு மலைக்கு அங்கால போயிரும்."

"ஏழரை எண்டு அடிச்சாச்சு டீச்சர்," என்றார் நவம் சேர். "பணிப்பாளருக்கும் குடுத்தாச்சு. இனி மாத்தேலாது."

சந்திரனுக்கு யாரும் அறிவித்தல் அனுப்பவில்லை என்பதால் அது தன் வழக்கப்படி வந்தது. சூரியன் இறங்கியதும் மேற்கு வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. கீழே கண்டி நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக. ஹந்தானைத் தொடருக்கு மேலே பிறை. மழைக்காலத்தில் அப்படி ஒரு வானம் கிடைப்பது அபூர்வம்.

குவிமாடம் திறந்திருந்தது. தொலைகாட்டியைப் பிறையின் பக்கமாக ஏற்கெனவே திருப்பி வைத்திருந்தார்கள். நாங்கள் வரிசையாகக் கயிற்றுக்கு வெளியே நின்றோம். பரீனா டீச்சர் முன்னால்.

"நவம் சேர், இப்பப் பாத்துக்கொளவா? இன்னும் கொஞ்சத்துல போயிரும்."

"பொறுங்கோ. அவர் கடுகண்ணாவையில ஒரு பரிசளிப்பு விழாவில நிக்கிறாராம். வெளிக்கிட்டுட்டாராம்."

"ரிப்பனக் கழட்டாம, கீழால குனிஞ்சி பாத்துக்கொள்றன்."

"டீச்சர், பிரதம அதிதி பாக்க முதல் நாங்கள் பாத்தால் அது என்ன மரியாதை? அவர் எச்சில் சந்திரனையே பாக்கிறது?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் பகிடிக்குச் சொல்லவில்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். வெறும் கண்ணால், பக்கத்திலேயே ரிப்பன் கட்டிய தொலைகாட்டியோடு. பிறை மலையைத் தொட்டது. ஒரு முனை மறைந்தது. பிறகு மற்ற முனை. பரீனா டீச்சர் என் பக்கம் ஒரு தடவை திரும்பிவிட்டு மறுபடி மேற்கைப் பார்த்தார். நானாவது போய் அந்த முடிச்சை அவிழ்த்திருக்கலாம். கட்டியவனுக்கு அவிழ்க்க ஒரு இழுப்புப் போதும். நான் அப்போது, என் தலையில் விழுந்திருந்த நன்றியுரைக்கு என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அருமை"

கடுகண்ணாவைக் கணவாயில் லொறி ஒன்று குறுக்கே நின்றதாம். பணிப்பாளர் வந்து சேர்ந்தபோது நவம் சேர் வாசலில் வெற்றிலைத் தட்டோடு நின்றார். மேற்குப் பக்கம் என்ன ஆயிற்று என்று பார்க்க அவருக்கு நேரமிருக்கவில்லை. வெற்றிலை கொடுத்து, குவிமாடத்துக்குள் இன்னொரு குத்துவிளக்கு ஏற்றி, படம் எடுப்பதற்காகப் பெரிய மின்விளக்குகளைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் வானத்தில் மிச்சமிருந்த இரண்டு நட்சத்திரங்களும் ஒதுங்கிக்கொண்டன.

பணிப்பாளர் என் முடிச்சைப் பாராட்டிவிட்டுக் கத்தரித்தார். குனிந்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். நிமிர்ந்தார்.

"அருமை," என்றார்.

அடுத்து நான். நன்றியுரைக்காரன் என்பதால் வரிசையில் என்னை இரண்டாவதாக வைத்திருந்தார்கள். குனிந்தேன். இருட்டு. கண்ணை இடுக்கினேன். அகட்டினேன். மற்றக் கண்ணால் பார்த்தேன். பணிப்பாளர் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார், அவர் அருமை என்று சொல்லிவிட்டார். அந்த நிமிடத்தில் என் கண்ணில் பழைய குங்குமம் வந்து நின்றிருக்க வேண்டும். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். மீதியை முதல் பந்தியிலேயே சொல்லிவிட்டேன்.

எனக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் கண்டார்கள். ஒருவர் நான் சொன்ன மலைகளுக்குப் பக்கத்தில் ஒரு சமவெளியையும் கண்டார்.

பரீனா டீச்சர் மட்டும் குனிந்து, நிறைய நேரம் பார்த்து, நிமிர்ந்து சொன்னார்: "ஒண்டும் தெரீதில்ல சேர். பிறை மலைக்கு அங்கால பட்டுட்டுது."

நவம் சேர் பணிப்பாளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கண்ணைப் பழக்கோணும் டீச்சர்," என்றார்.

பிளேன்டீ குடிக்கும்போது பரீனா டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். குரலில் குற்றம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சேர், பிறை நிமிந்தா நிண்ட?"

"ஏன்?"

"இங்க அது மல்லாந்துதானே கெடக்கும். தோணி மாதிரி. நோம்புப் பிறை பாக்கக்குள்ள நாங்க அப்படித்தான் காண்ற. இப்ப நம்ம எல்லாரும் வெளியில நிண்டு பாத்தமே."

நான் தேநீருக்குள் பார்த்தேன். இத்தனை வருடமாகக் கரும்பலகையில் பிறையை நிமிர்த்தித்தான் வரைந்திருக்கிறேன், அடைப்புக்குறி போல. குளிர் நாட்டில் எவனோ தன் யன்னலால் பார்த்து வரைந்தது. அங்கே அது நிமிர்ந்துதான் நிற்குமாம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வானத்தில் அது படுத்துக்கொள்கிறது. அது தெரியாமல், மாதாமாதம் தலைக்கு மேலே படுத்துக் கிடக்கிற பிறையை, எழும்பு எழும்பு என்று நாங்கள் பலகையில் நிறுத்தி வைத்துப் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருக்கிறோம். படுக்க வைத்து வரைந்த ஒரு பிள்ளைக்கு நான் பிழை போட்டதும் ஞாபகம் வந்தது.

"சேர் உண்மையாவே கண்டீங்களா?"

"கொஞ்சம்," என்றேன்.

காணாதவர் ஒருவர்

சான்றிதழ் கொடுத்தார்கள். எல்லாருக்கும் கிடைத்தது, பரீனா டீச்சரைத் தவிர. தொலைகாட்டியைத் திருப்பிக் காட்டும் பகுதி, நேரமில்லாததால் கைவிடப்பட்டு, கண்டவர்கள் எல்லாம் தேறியவர்கள் என்று ஆகிவிட்டது. காணவில்லை என்றவர் தேறவில்லை.

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. நவம் சேரை ஒரு மூலைக்கு இழுத்துப் போனேன்.

"சேர், நானும் காணல."

அவர் முகத்தில் உண்மையான வேதனை. "நீங்கள் மைக்கில கண்டனெண்டு சொன்னனீங்கள். இப்ப என்ர காதுக்கை காணேல்லை எண்டுறியள். நான் எதை எடுக்கிறது?"

"இத எடுங்க."

"மைக்கில சொன்னதுதானே எல்லாருக்கும் கேட்டது."

"அப்ப அந்தப் பிள்ளைகளோட தொலைகாட்டி?"

"அது மேல எடுக்கிற முடிவு. நான் என்ன செய்ய?"

இந்த நாட்டில் உண்மையைச் சொன்ன ஒரே ஆளைக் கண் பழகாதவர் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இருட்டைப் பார்த்துப் புகழ்ந்தவர்களுக்கெல்லாம் வானியல் சான்றிதழ் கொடுக்கிறோம். அதில் ஒன்று என் கையிலும் இருந்தது. கெட்டியான தாள், பொன் கரை. பஸ்ஸில் அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வந்தேன்.

சாந்தியிடம் சொன்னேன். பணிமனைக்குப் போய்ச் சொல்லப்போகிறேன், அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு, என்ன வந்தாலும் சரி என்று கொஞ்சம் வீரமாகவே சொன்னேன்.

"கண்டேன்னு சொல்றதுக்கு லீவு போடலையே," என்றாள். "காணலன்னு சொல்ல மட்டும் அடுத்த வாரம் வரைக்கும் ஏன்?"

அடுத்த நாளே போனேன். பணிப்பாளர் லீவு என்றார்கள். அதற்கடுத்த நாளும் போனேன்.

புதுக் கண்ணாடி

பணிப்பாளர் புதிதாக ஒரு மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். அதற்குள்ளால் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சேர், அன்னைக்கு அந்தத் தொலைகாட்டியில நான் ஒண்ணும் காணல," என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த முன்னுரை முழுவதும் மறந்துவிட்டது.

அவர் பேனையை வைத்தார். "கதவச் சாத்திட்டு வாங்க."

சாத்திவிட்டு வந்தேன்.

"மைக்ல என்ன சொன்னீங்க நீங்க? பள்ளம், மலை, நிழல்."

"ஆமா சேர்."

"நான் குனிஞ்சு பாத்தேன். கன்னங்கரேல்னு இருந்துச்சு. இவ்வளவு பேர் காத்துக்கிட்டு இருந்தீங்களே, மனசு நோகக் கூடாதேன்னு அருமைன்னு ஒரு வார்த்த சொன்னேன். எனக்கு அடுத்து நீங்க பாத்துட்டு ஊர்ப்பட்ட விஷயம் சொல்றீங்க. சரி, நம்ம கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. மறுநாள் லீவு போட்டுட்டுக் கண் டாக்டர்கிட்ட ஓடினேன். ஏதோ சொட்டு மருந்த விட்டு, அன்னைக்குப் பூரா வீட்டுல சுவரத் தடவிக்கிட்டு நடந்தேன். இது அவரு எழுதிக் குடுத்ததுதான்." கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார்.

"போட்ட பிறகு எப்படி சேர்?"

"பேப்பர் நல்லாத் தெரியுது. அதனாலதான் உங்கள இன்னும் உக்கார வச்சிருக்கேன்."

நான் பரீனா டீச்சரைப் பற்றிச் சொன்னேன். ரிப்பனைப் பற்றியும், மலைக்குப் பின்னால் போன பிறையைப் பற்றியும், அலுமாரியைப் பார்க்க வருகிற பிள்ளைகளைப் பற்றியும். எனக்குள் இவ்வளவு கோபம் இருந்தது என்று எனக்கே தெரியாது. அந்தக் கூட்டத்தில் கண் உள்ள ஒரே ஆள் அவர்தான், அவரைத் தண்டிக்கிறோம் சேர் என்றேன். மேசையில் தட்டியும்விட்டேன். பேனை உருண்டு விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

"அந்தத் தொலைகாட்டிய மாத்தச் சொல்லி நான் அன்னைக்கு ராத்திரியே சைன் பண்ணிட்டேனே," என்றார்.

"அதையும் கண்ணு தெரியாத நேரத்துல வச்ச சைன்னு சொல்லிரலாம் சேர்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த பிறைக்கு அந்த ஸ்கூலுக்கு நானே வர்றேன். அந்த டீச்சர் எனக்குச் சந்திரனக் காட்டட்டும். காட்டுனா பொட்டி அங்கயே இருக்கட்டும். காட்டலன்னா நீங்க ரெண்டு பேரும் என் பக்கமே வரக் கூடாது."

"திறப்பு விழா மாதிரி ஏதாவது…"

"ரிப்பன்னு ஒரு வார்த்த பேசுனீங்க, இப்பவே எந்திரிச்சுப் போயிருங்க."

அலுமாரி திறந்தது

பணிப்பாளர் வருகிறார் என்றதும் அதிபர் அலுமாரியைத் திறந்தார். ஆனால் அவர் வருகிற அன்றுதான் திறந்தார். மத்தியானம் பாடசாலை விட்டதும் பரீனா டீச்சரும் நானும் மைதானத்தில் ஒரு பாயை விரித்துப் பெட்டியைப் பிரித்தோம். அவர் இதுவரை ஒரு தொலைகாட்டியைத் தொட்டதில்லை. நானும் தொட்டதில்லை, ரிப்பன் கட்டியது கணக்கில் வராது. பொழுதுபடுவதற்குள் அதைத் துண்டு துண்டாக எடுத்துப் பூட்டி, பழகி, விரல் அகலத்துக்கு இருக்கிற ஒரு பிறைக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

குறிப்புத் தாளில் படங்கள் மட்டும் விளங்கின. நான் இரண்டு திருகாணிகளைத் தலைகீழாகப் பூட்டினேன். அவர் கழற்றித் திரும்பப் பூட்டினார். மூன்றாவதை என்னிடம் தரவில்லை.

பெரிய குழாயின் முதுகில் ஒரு சின்னக் குழாய் உண்டு. அதில் முதலில் குறி பார்த்துவிட்டுத்தான் பெரியதில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்காவிட்டால் வானத்தில் எதையும் பிடிக்க முடியாது. பரீனா டீச்சர் வெயில் இருக்கும்போதே, தூரத்து மலையில் இருந்த தொலைபேசிக் கோபுரத்தின் நுனியை வைத்து இரண்டையும் சரிபார்த்தார். பார்ப்பது, திருகுவது, மறுபடி பார்ப்பது. சேலைத் தலைப்பு மண்ணில் புரண்டதை அவர் கவனிக்கவில்லை.

"கோபுரம் தலைகீழாத் தெரீது சேர்."

"பிழையாப் பூட்டிட்டோமா?"

"இல்ல, இந்த வகை அப்படித்தானே காட்டும். நம்மதானே படிப்பிக்கிற."

படிப்பிக்கிறேன். கதிர்ப்படமெல்லாம் போட்டு.

பணிப்பாளர் இந்தமுறை நேரத்தோடு வந்தார், சந்திரனுக்கும் முன்னால். அதிபர் வெற்றிலைத் தட்டை எடுக்கப் போனதை நான் கண்ணால் தடுத்தேன். மேற்கே ஒரு முகில் தடித்துக் கிடந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. பரீனா டீச்சர் வகுப்பறைக்குள் போய்த் தொழுதுவிட்டு வந்தார். வெளியே வந்து முகிலைப் பார்த்தார். வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருந்த பிள்ளைகளும் பார்த்தார்கள்.

முகில் விலகவில்லை. கீழ்ப்பக்கம் கிழிந்தது. அந்தக் கிழிசலில் பிறை, மல்லாந்து.

அவர் குழாயைத் திருப்பினார். தவறியது. திரும்பவும். சின்னக் குழாயில் பார்த்து, பெரியதில் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு திருகாணியை மயிரிழை திருப்பி, நின்றார்.

"வந்திரிச்சி," என்றார். மெதுவாகத்தான்.

பணிப்பாளர் முன்னால் அடி எடுத்து வைத்தார். பரீனா டீச்சர் குழாயை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"சேர், ஆறாம் ஆண்டுப் புள்ளையள் முதல்ல பாக்கட்டும். அவங்க எவ்வளவு காலமா அலுமாரியப் பாத்துக்கிட்டு ஈக்கிறாங்க."

அதிபருக்கு வியர்த்தது. பணிப்பாளர் எடுத்து வைத்த அடியைப் பின்னால் வைத்தார். பிறகு போய் வரிசையின் கடைசியில் நின்றார். இத்தனை வருட சேவையில் நான் பார்த்த ஒரே செயல்முறைப் பயிற்சி அதுதான்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். "டீச்சர், அம்மைத் தழும்பு." "டீச்சர், கவுந்துட்டு." "டீச்சர், அது நகருது, ஓடப் போகுது." யாருமே அருமை என்று சொல்லவில்லை.

பணிப்பாளரின் முறை வந்தது. கண்ணாடியோடு பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். திரும்பவும் போட்டுக்கொண்டு பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் சொன்னது ஒரு வார்த்தைதான். "இருக்கு."

தொலைகாட்டி அந்தப் பாடசாலையிலேயே இருக்கிறது. அதிபர் அலுமாரியின் சாவியை அன்றே பரீனா டீச்சரிடம் கொடுத்தார், பணிப்பாளரின் கண் முன்னால்.

கடைசியாக நான் குனிந்தேன். பிறை மலையை நெருங்கிக்கொண்டிருந்தது. கரையோரம் பள்ளங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் மை ஊற்றியது போல நிழல். வெளிச்சமும் இருட்டும் சேருகிற கோட்டுக்கு அப்பால், தனியாக ஒரு மலையுச்சி மட்டும் வெயில் பட்டு ஒரு பொட்டாக எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் படிப்பித்தது உண்மையாகவே அங்கே இருந்தது.

நிமிர்ந்தேன். கண் கலங்கியிருந்தது.

"ஆகா," என்றேன், "அந்தப் பள்ளங்களும், அந்த மலைகளோட நிழலும், என்ன தெளிவு டீச்சர்."

பரீனா டீச்சர் குழாயின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"அண்டைக்கும் இதத்தானே சேர் சொன்னீங்க."